லெதர் சீட்டுக்குக் கண்டிஷனர் போட்டேன், கண்ணாடி மாதிரி மின்னுகிறது. இது சரிதானா?

பச்சைத்தேயிலை (குன்னூர்)
ஜூலை 12, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் கோவையில் ஒரு பழைய கார் வாங்கினேன். 2014 மாடல் செடான், உள்ளே பீஜ் நிற லெதர் சீட். முன்பு வைத்திருந்தவர் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். டிரைவர் சீட்டின் வெளி ஓரம் மட்டும் கறுத்து, தொட்டால் கொஞ்சம் விறைப்பாக இருந்தது. மலைக் குளிரில் தோல் வறண்டு வெடித்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். நானும் நம்பி ஒரு டப்பா கண்டிஷனர் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாச் சீட்டுக்கும் தாராளமாகப் பூசினேன். அரை டப்பா காலி.

அன்று சாயங்காலம் சீட் கண்ணாடி மாதிரி மின்னியது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மறுநாள் ஒரு கல்யாணத்துக்காக அம்மாவை மேட்டுப்பாளையம் கூட்டிக்கொண்டு இறங்கினேன். அம்மா பட்டுச்சேலையில், பின்சீட்டில். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுக்குப் போய்வந்தார். பதினான்கு வளைவு! பர்லியார் வருவதற்குள், "சீட்டில் விளக்கெண்ணெய் ஏதும் ஊத்துனியா?" என்று கேட்டுவிட்டார்.

இன்றோடு நான்கு நாள். சேலைக்கு வழுக்குகிறது, கைக்குப் பிசுபிசுக்கிறது, தூசி வேறு ஒட்டுகிறது. பளபளப்பு இப்படித்தான் இருக்க வேண்டுமா? அதிகமாகப் போட்டுவிட்டேன் என்றால் எடுப்பது எப்படி?

டாக்சி பதினான்கு (ஊட்டி)
ஜூலை 12, இரவு 10.05

அண்ணே, மின்னினால்தானே அழகு? என் வண்டியில் ரெக்சின் சீட். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். ஊட்டியில் அது பாட்டிலுக்குள் கல்லு மாதிரி கிடக்கும், பானெட்டைத் திறந்து இன்ஜின் மேல் பத்து நிமிஷம் வைத்தால் உருகிவிடும். சவாரி ஏறுகிறவர்கள் புது வண்டியா என்று கேட்கிறார்கள்.

அப்புறம், பின்சீட்டுக்கும் பெல்ட் உண்டு. அம்மாவுக்கு மாட்டிவிடுங்கள்.

மேட்டுப்பாளையம் பாலிஷ்
ஜூலை 13, காலை 7.20

தேங்காய் எண்ணெயா! டாக்சி அண்ணனுக்கு அப்புறம் வருகிறேன்.

தேயிலை சார், முதலில் ஒரு சின்னச் சோதனை. சீட்டின் கீழே, கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்து மாதிரி உருண்டு நின்றால் மேலே பூச்சு இருக்கிற தோல். ஒரு நிமிஷத்தில் உள்ளே இறங்கி அந்த இடம் கருத்தால் அது அனிலைன் வகை, அதாவது சாயம் மட்டும் ஏற்றியது, மேற்பூச்சு இல்லாதது. அது ரொம்ப விலை கூடிய கார்களில்தான் வரும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. கண்டிஷனர் போட்ட இடத்தில் விடாதீர்கள், அங்கே எல்லாத் தோலிலும் தண்ணீர் உருளத்தான் செய்யும்.

டப்பாவில் இருந்தது பால் மாதிரி வெள்ளை கிரீமா, இல்லை ஜெல் மாதிரியா? டேஷ்போர்டுக்கும் டயருக்கும் சேர்த்து ஒரே டப்பா என்று விற்பதெல்லாம் பெரும்பாலும் சிலிக்கோன். பளபளப்பு ஜாஸ்தி, வழுக்கலும் ஜாஸ்தி.

கொடைக்குதிரை (கொடைக்கானல்)
ஜூலை 13, காலை 11.15

நான் வேறு மாதிரி சொல்வேன். என் அப்பா கொடைக்கானல் ஏரிக்கரையில் குதிரை வைத்திருந்தார். சேணத்துக்கும் வாருக்கும் எண்ணெய் போடாமல் ஒரு மழைக்காலம் விட்டால் போதும், அடுத்த சீசனில் வார் ஒடிந்துவிடும். அப்போதெல்லாம் நீட்ஸ்ஃபுட் எண்ணெய்தான், மாட்டுக் காலெலும்பிலிருந்து எடுப்பது. இரவு பூசி வைத்தால் விடியும்போது குடித்திருக்கும். தோல் என்றால் எண்ணெய் குடிக்கத்தான் வேண்டும். உங்கள் சீட் குடிக்கவில்லை என்றால் நீங்கள் சரியாகத் தேய்க்கவில்லை. துடைத்து எடுக்காதீர்கள், வெயில் வரும் நாளில் இன்னும் நன்றாகத் தேய்த்துவிடுங்கள்.

திண்டுக்கல் தோல்காரன்
ஜூலை 13, இரவு 8.30

தேய்க்க வேண்டாம் தம்பி, நிறுத்துங்கள்.

நான் 31 வருஷம் தோல் ஃபேக்டரியில் ஃபினிஷிங் பிரிவில் இருந்தவன், இப்போது வீட்டில் சும்மா இருக்கிறேன். ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அரை டப்பாவைப் பூசியது தோலுக்கு அல்ல, பெயின்டுக்கு.

சீட்டுக்குப் போகும் தோலுக்கு வேண்டிய எண்ணெயை நாங்கள் டிரம்மில் போட்டுச் சுற்றும்போதே ஏற்றிவிடுவோம். எண்ணெயைத் தண்ணீரோடு பால் மாதிரி கலக்கி விடுவது, ஃபேட்லிக்கர் என்போம். அது நாருக்கு நாரு இடையில் போய் உட்கார்ந்துகொள்ளும். தோல் மெத்தென்று மடங்குவது அதனால்தான். பிறகு காயவைத்து, மேலே பேஸ் கோட். பிசினும் நிறமும் கலந்தது. மாட்டுக்கு முள் கீறியது, உண்ணி கடித்தது எல்லாம் இதில் மறைந்துவிடும். அதன்மேல் சூடான தகட்டை அழுத்தி ரேகை பதிப்போம். நீங்கள் தோலின் இயற்கை ரேகை என்று நினைப்பது பல சீட்டுகளில் தகட்டின் ரேகைதான். கடைசியாக பாலியூரித்தேன் டாப் கோட். இத்தனை பூச்சும் சேர்ந்து ஒரு தலைமுடி மொத்தம் வராது. ஜீன்ஸ் உரசலை வருஷக்கணக்கில் தாங்குவது அந்தப் படலம்தான், தோல் இல்லை.

இனி பளபளப்புக்கு வருகிறேன். பாலியூரித்தேன் தானாக விட்டால் நன்றாக மின்னும். அது மின்னக் கூடாது என்றுதான் டாப் கோட்டில் மேட் ஏஜென்ட் கலக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் தூள். காய்ந்த பிறகு மேற்பரப்பில் நுண்ணிய மேடு பள்ளமாக நின்று வெளிச்சத்தைச் சிதறவிடும், அதனால் மங்கலாகத் தெரியும். கார் கம்பெனிக்காரர்கள் மீட்டர் வைத்து அளந்துதான் சரக்கு எடுப்பார்கள். பளபளப்பு கூடிவிட்டால் லாட்டையே திருப்பி அனுப்புவார்கள், அன்று எங்கள் சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க முடியாது. புதுக் கார் சீட் மங்கலாக இருப்பதற்குப் பின்னால் இத்தனை பாடு இருக்கிறது. நீங்கள் பூசியது அந்தப் பள்ளங்களை நிரப்பிச் சமமாக்கிவிட்டது, அதனால் மின்னுகிறது. கீழே இறங்க வழியில்லை, அதனால் பிசுபிசுக்கிறது.

கண்டிஷனரே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தையல் ஓட்டையில், படலம் விரிசல் விட்ட இடத்தில் கொஞ்சம் இறங்கும். மற்ற இடத்தில் மெல்லிசாக மேலே நின்று உரசலைக் குறைக்கும், சீட்டும் சீட்டும் உரசும் கீச் சத்தம் அடங்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

கொடைக்குதிரை தம்பி சொன்னதும் பொய் இல்லை. சேணத்துத் தோல் வேறு ரகம். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது, மேலே பெயின்ட் கிடையாது. அதற்கு எண்ணெயும் மெழுகும் கட்டாயம் வேண்டும். உங்கள் மலையில் காடு காடாக நிற்கிறதே வாட்டில் என்கிற சீகை மரம், அந்தப் பட்டையில் தோல் பதனிடலாம் என்றுதான் அதை நட்டுப் பெருக்கினார்கள். கீழே சமவெளியில் அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை. கார் சீட்டுத் தோலில் பலதும் குரோம் உப்பில் பதனிடுவது.

கொடைக்குதிரை (கொடைக்கானல்)
ஜூலை 13, இரவு 9.02

சரி ஐயா, தோற்றேன். ஆனால் அந்தச் சீகை மரத்தைப் பற்றிப் பேசாதீர்கள், வயிறு எரிகிறது. எங்கள் பக்கம் புல்வெளியை எல்லாம் அதுதான் தின்றுவிட்டது. யார் யாரோ செருப்புப் போட நாங்கள் புல்லை இழந்தோம்.

பச்சைத்தேயிலை (குன்னூர்)
ஜூலை 14, காலை 8.10

ஐயா, நன்றி. இரண்டு தடவை படித்தேன். கண்டிஷனர் படாத கீழ்ப் பக்கத்தில் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், உருண்டு நின்றது. பூச்சுத் தோல்தான். டப்பாவைப் பார்த்தால் 'ஷைன்' என்ற வார்த்தைதான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்கிறது. அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். முன்சீட்டின் முதுகுப்புறம்தான் ரொம்பப் பிசுபிசுப்பு, உட்காரும் இடத்தைவிட மோசம். அது ஏன்?

திண்டுக்கல் தோல்காரன்
ஜூலை 14, காலை 8.45

அது தோலே இல்லை தம்பி, ரெக்சின். பல கார்களில் உடம்பு படும் இடம் மட்டும் தோல், ஓரமும் முதுகும் பிளாஸ்டிக்தான். ரேகையும் நிறமும் ஒன்றுபோலப் பதித்துவிடுவதால் தெரியாது. யாரையும் ஏமாற்றுவதில்லை, கேட்டலாக்கில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். பிளாஸ்டிக் எந்த கிரீமையும் குடிக்காது.

மேட்டுப்பாளையம் பாலிஷ்
ஜூலை 14, மதியம் 2.30

எடுக்கும் முறையைச் சொல்கிறேன். வெறும் ஈரத்துணியில் போகாது, எண்ணெய்ப் பசை. லெதர் கிளீனர் என்றே தனியாக விற்பதை வாங்குங்கள். பாத்திரம் கழுவும் லிக்விட், துணி சோப்பு எதுவும் வேண்டாம். தோல் அமிலப் பக்கம் இருக்கும் பொருள், பிஎச் நான்கு ஐந்து வாக்கில். சோப்பு காரம். ஒரு தடவை போட்டால் ஒன்றும் ஆகாது, மாதாமாதம் போட்டால் தையல் வழியே இறங்கித் தோலை விறைக்கவைக்கும். வெள்ளையாக வருகிறதே மேஜிக் ஸ்பாஞ்ச், அதையும் தொடாதீர்கள். அது மிக நைசான உப்புத்தாள். அழுக்கோடு டாப் கோட்டையும் சுரண்டும்.

கிளீனரை சீட்டில் ஊற்றாமல் குதிரைமுடி பிரஷ்ஷில் எடுத்து, ஒரு சீட்டை நான்கு பாகமாகப் பிரித்து, அழுத்தாமல் வட்டமாக ஓட்டுங்கள். நுரை சாம்பல் நிறமாக மாறும்போது காயவிடாமல் துண்டால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். பிறகு பிழிந்த ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி. பிசுபிசுப்பு மிச்சமிருந்தால் மறுநாள் இன்னொரு தடவை. ஒரே நாளில் மூன்று தடவை தேய்த்து என்னிடம் வண்டி கொண்டுவந்தவர் உண்டு. தையல் எல்லாம் ஊறிப்போய் பஞ்சு ஈரமாகிக் கிடந்தது.

மலை மேலே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிரில் கிரீம் பரவாது, திட்டுத் திட்டாக நிற்கும், காயவும் நேரமாகும். மேட்டுப்பாளையம் சூட்டில் இருபது நிமிஷத்தில் துடைத்து எடுப்பது குன்னூரில் ஒரு மணி நேரம் ஆகலாம். கிளம்பி ஒரு சுற்று ஓட்டி, ஹீட்டரில் சீட் கைச்சூட்டுக்கு வந்ததும் வேலையைத் தொடங்குங்கள். ஷெட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இன்ஜினை ஓடவிடாதீர்கள், புகை ஆளைக் கொல்லும்.

அடுத்த முறை பூசும்போது ஒரு பாகத்துக்குப் பட்டாணி அளவு போதும், அதுவும் துணியில் எடுத்து. துளைபோட்ட சீட்டாக இருந்தால் ரொம்பவே கவனம். ஓட்டைக்குள் போய் வெள்ளையாகக் காய்ந்துவிடும். நான் ஒரு தடவை பல்குச்சி வைத்து இரண்டு மணி நேரம் நோண்டியிருக்கிறேன். கஸ்டமர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, 'அங்கே ஒண்ணு இருக்கு' என்று காட்டிக்கொண்டிருந்தார். ஸ்டீயரிங்குக்கு எண்ணெய்ப் பசையான எதையும் போடாதீர்கள். மலை ரோட்டில் கை வழுக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கோத்தகிரி டீச்சர்
ஜூலை 15, இரவு 7.50

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். பாலிஷ் தம்பிக்கும் தோல்கார ஐயாவுக்கும் ஒரு கேள்வி.

போன அக்டோபரில் நானும் முன்சீட் இரண்டுக்கும் கண்டிஷனர் போட்டேன். பின்சீட்டுக்குப் போடுவதற்குள் மழை பிடித்துவிட்டது. எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை, தெரியும்தானே. மூன்று வாரம் காரை எடுக்கவே இல்லை, பள்ளிக்கு நடந்தே போய்வந்தேன். திறந்து பார்த்தால் முன்சீட் இரண்டிலும் மாவு தூவினாற்போல வெள்ளைப் பூசணம். பின்சீட்டில் ஒரு புள்ளிகூட இல்லை! கண்டிஷனர் தோலைக் காப்பாற்றும் என்றுதானே போட்டேன்? தேங்காய் நாரால் தேய்த்தேன், போனது, இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது.

திண்டுக்கல் தோல்காரன்
ஜூலை 15, இரவு 9.10

டீச்சர், பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. பூசணத்துக்கு ஈரமும் சாப்பாடும் வேண்டும். ஈரத்தை மலை கொடுத்தது, சாப்பாட்டை நீங்கள் பூசினீர்கள். துடைத்து எடுக்காமல் விட்ட எண்ணெய், கொழுப்பு, அதில் ஒட்டிய வியர்வை அழுக்கு எல்லாம் அதற்கு விருந்து. உங்கள் ஊரில் சீட் வறண்டு கெடுவதைவிட ஈரத்தில் கெடுவதுதான் அதிகம். ராஜஸ்தான்காரர் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டுக் கோத்தகிரியில் மாதாமாதம் பூசினால் இப்படித்தான் ஆகும்.

தேங்காய் நார் வேண்டவே வேண்டாம், கீறல் விழும்.

மேட்டுப்பாளையம் பாலிஷ்
ஜூலை 15, இரவு 9.35

மழை இல்லாத நாளில் காரை வெளியே நிறுத்தி நான்கு கதவையும் திறந்துவையுங்கள் டீச்சர். முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு, முதலில் உலர்ந்த துணியால் துடைத்து எடுத்து அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். திரும்ப உதறினால் பூசண விதை எல்லாம் வண்டிக்குள்தான் விழும். மருந்துக் கடையில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் 70 சதவீதம் என்று கிடைக்கும், அதில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துணியில் லேசாக நனைத்துத் துடையுங்கள். முதலில் ஒரு மூலையில் தொட்டுப் பார்த்து, துணியில் சீட்டின் நிறம் ஏறவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். தையல் இடுக்கு, ஹெட்ரெஸ்ட் அடி, பெல்ட், இதையெல்லாம் விட்டால் திரும்ப வரும். மிதியடிக்குக் கீழே கை வைத்துப் பாருங்கள், அங்கே ஈரம் இருந்தால் மேலே எத்தனை துடைத்தும் பயனில்லை.

அப்புறம், மலையில் யாரும் ஏ.சி. போடுவதில்லை. குளிரில் எதற்கு ஏ.சி. என்பார்கள். ஏ.சி. காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக்கி வெளியே சொட்டவிடும் மெஷின். ஏ.சி.யையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டுப் பத்து நிமிஷம் ஓட்டுங்கள், கண்ணாடியில் ஆவியும் போகும், சீட் ஈரமும் போகும். நிறுத்திவைக்கும் நாட்களில் சிலிக்கா ஜெல் பை இரண்டு. நிறம் மாறினால் சூடுபடுத்தித் திரும்ப வைக்கலாம்.

கொடைக்குதிரை (கொடைக்கானல்)
ஜூலை 16, காலை 6.40

நீலகிரித் தைலம் இருக்கும்போது ஆல்கஹால் எதற்கு? பஞ்சில் தொட்டுத் துடைத்தால் வாசனைக்கு வாசனை, பூசணத்துக்கும் ஆகாது.

மேட்டுப்பாளையம் பாலிஷ்
ஜூலை 16, காலை 9.00

குதிரை அண்ணா, கடையில் ஸ்டிக்கர் பசையைக் கரைக்க நான் வைத்திருப்பதே அந்தத் தைலம்தான். பசையைக் கரைப்பது டாப் கோட்டைச் சும்மா விடுமா? நிறமும் இளகலாம். தலைவலிக்குத் தடவுங்கள், சீட்டுக்கு வேண்டாம்.

ஆனால் உங்களைப் போல உயரத்தில் இருப்பவர்கள் வெயிலைக் கவனிக்க வேண்டும். குளிருகிறதே என்று வெயிலில் நிறுத்திவிடுகிறார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் வாக்கில் கூடுகிறது. கொடைக்கானல் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல், ஊட்டி 2,240. உடம்பில் சூடு தெரியாது, சீட் மட்டும் நிறம் மங்கும். அதற்கு கண்டிஷனரைவிட முன் கண்ணாடிக்கு ஒரு மறைப்பு அட்டை மேல்.

டாக்சி பதினான்கு (ஊட்டி)
ஜூலை 20, இரவு 11.10

சவாரி இல்லாத நாளில் உட்கார்ந்து என் ரெக்சின் சீட்டைக் கழுவினேன். ரெக்சின் என்பதால் ஷாம்பூத் தண்ணீர் போதும் என்று பாலிஷ் தம்பி போனில் சொன்னார். முதல் பக்கெட் தண்ணீர் டிக்காஷன் நிறம். இரண்டாவதும் டிக்காஷன், கொஞ்சம் லைட். ஐந்து வருஷத் தேங்காய் எண்ணெய், மேலே கல்லட்டி ரோட்டுத் தூசி. சீட்டின் நிஜ நிறம் சாம்பல் என்று இன்றுதான் தெரிந்தது, நான் பிரவுன் என்றே நினைத்திருந்தேன். வீட்டுக்காரி வண்டியில் ஏறியதும், "அந்தச் சிக்கு வாடை எங்கே?" என்றாள். அத்தனை வருஷம் அது ஏ.சி. வாடை என்று சொல்லி வைத்திருந்தேன்.

பச்சைத்தேயிலை (குன்னூர்)
ஆகஸ்ட் 3, மாலை 6.15

தாமதத்துக்கு மன்னிக்கவும், இலை சீசன் வேலை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. பாலிஷ் சொன்னபடியே பாகம் பாகமாகச் செய்தேன். துணியில் வந்தது கண்டிஷனர் மட்டும் இல்லை, கன்னங்கரேலென்று அழுக்கு. நான் தோல் வறண்டுவிட்டது என்று நினைத்த அந்த விறைப்பான ஓரம் முழுக்க அழுக்குப் படிவம்தான். அதன் மேலேயே கிரீமைப் பூசி மூடி வைத்திருக்கிறேன். எடுத்த பிறகு பூசாமலேயே மெத்தென்று ஆகிவிட்டது. பிறகு பட்டாணி அளவு கணக்கில் தையல் ஓரங்களுக்கு மட்டும் ஒரு கை கொடுத்துத் துடைத்துவிட்டேன். இப்போது பளபளப்பு இல்லை. விரலால் தடவினால் உலர்ந்த, கொஞ்சம் சொரசொரப்பான உணர்வு. புதுக் கார் ஷோரூமில் தொட்டுப் பார்த்தது ஞாபகம் வந்தது.

ஒரே ஒரு இடம் பாக்கி. டிரைவர் ஏறி இறங்கும் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் மின்னுகிறது. மூன்று தடவை துடைத்தும் போகவில்லை.

திண்டுக்கல் தோல்காரன்
ஆகஸ்ட் 3, இரவு 8.00

அது போகாது. பத்து வருஷமாகப் பேன்ட் உரசி அந்த மேட் பரப்பே தேய்ந்துவிட்டது. அழுக்குமில்லை, கிரீமுமில்லை, தேய்மானம். திரும்ப மங்கலாக்க வேண்டுமென்றால் சுத்தம் செய்து மேட் டாப் கோட்டை ஸ்ப்ரே பண்ண வேண்டும். விரிசல் விடாதவரை அப்படியே விடுங்கள். ஏறி இறங்கும்போது அந்த ஓரத்தில் உட்கார்ந்து திரும்பாமல் கொஞ்சம் தூக்கி இறங்குங்கள், இன்னும் சில வருஷம் வரும். ஈரத்துணியால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, கிளீனர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. கண்டிஷனர் டப்பாவை அலமாரியில் மேல்தட்டில் வையுங்கள், கைக்கு எட்டாத இடமாகப் பார்த்து.

பச்சைத்தேயிலை (குன்னூர்)
ஆகஸ்ட் 4, காலை 7.30

ரொம்ப நன்றி ஐயா. நேற்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் பார்த்தேன். பெல்ட்டும் போட்டிருந்தார், ஒரு வளைவிலும் நகரவில்லை. திரும்பி ஏறும்போது, "வழுக்கல, ஆனா சில்லுன்னு இருக்கு" என்று சொல்லி, வீட்டிலிருந்த கம்பளியை எடுத்துப் பின்சீட் முழுக்க விரித்துவிட்டார். இனி அதை எடுக்கவிட மாட்டாராம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உழைப்பும் கம்பளிக்கு அடியில் கிடக்கிறது.

திண்டுக்கல் தோல்காரன்
ஆகஸ்ட் 4, காலை 7.50

கம்பளி நல்லதுதான். என்ன நிறம்?

பச்சைத்தேயிலை (குன்னூர்)
ஆகஸ்ட் 4, காலை 7.52

நல்ல சிவப்பு.

திண்டுக்கல் தோல்காரன்
ஆகஸ்ட் 4, காலை 7.53

பீஜ் சீட் தம்பி! ஒரு வெள்ளைத் துணியை நனைத்து அந்தக் கம்பளியில் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஏறினால் நடுவில் ஒரு வெள்ளைத் துண்டை விரியுங்கள், அம்மாவிடம் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.